தபால்பெட்டி ஓரத்துப் பழுப்பு

புல்லை ஈரத்தோடு வெட்டக் கூடாது, மேடம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நிறையப் பேர் பனி காயும் முன்பே மெஷினை எடுத்துவிடுகிறார்கள். ஈரப்புல் வெட்டுப்படாது, கிழியும். கிழிந்த நுனி மறுநாளே பழுத்துவிடும். தள்ளி நின்று பார்த்தால் புல்தரை முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அப்புறம் வானத்தையும் விதை விற்றவனையும் திட்டிக்கொண்டு நிற்பார்கள்.

உங்கள் வீட்டு முன்பக்கமும் புல்தான் இருக்கும். நம் விசிட்டா நகரத்தில் புல் இல்லாத வீடு ஏது? அதனால் சொல்லி வைத்தேன். நீங்கள் கேட்டது சனிக்கிழமை என்ன நடந்தது என்று. அதற்குத்தான் வருகிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் வரும். ஓய்வு பெறும்வரை நான் விமானத் தொழிற்சாலையில் பரிசோதகனாக இருந்தேன். இறக்கைத் தகட்டில் வரிசையாக அடித்திருக்கும் ஆணிகளைப் பார்த்துக்கொண்டே போய், கோணலாக இறங்கியிருக்கும் ஒன்றைக் கண்டுபிடிப்பது வேலை. ஒழுங்காக இருக்கும் ஆயிரம் ஆணி என் கண்ணில் படாது. கோணல் ஒன்றுதான் படும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை.

என் மனைவி வெர்னாவுக்கு அந்தக் கண் கிடையாது. அவள் இரண்டாம் வகுப்பு டீச்சர். கோணலான பிள்ளைகளைத்தான் அவளுக்குப் பிடிக்கும். அதனால்தான் என்னையும் இத்தனை காலம் வைத்துக்கொண்டிருந்தாள் என்று சிரிப்பாள். வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. ஆனாலும் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, காய்ந்த தோல் மாதிரி ஆகும் நோய் அவளுக்கு வந்தது. ஏன் வந்தது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. காற்று கெட்டுப்போகும் நாட்களில் சன்னலைத் திறக்காதீர்கள் என்றார். மூக்கில் ஒரு குழாய், படுக்கையறை மூலையில் ஒரு மெஷின். அறையின் காற்றை இழுத்து, அதில் இருக்கும் பிராணவாயுவை மட்டும் பிரித்து அவளுக்கு அனுப்பும். கரண்டில் ஓடுவது. ஓடும்போது யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை நான் குறை சொல்லாத நாள் இல்லை. இப்போது அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எங்கள் புல்லைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது குளிர்நாட்டுப் புல். ஏப்ரலில் மரகதமாக இருக்கும். ஜூலையில் கான்சாஸ் வெயில் பட்டதும் உயிரை விடத் தொடங்கும். விடாமல் பிடித்து வைப்பதுதான் எங்கள் தெரு ஆண்களின் கோடைக்கால வேலை. வீட்டுக்கு வீடு பின்பக்கத்தில் போர் போட்டிருக்கிறோம். நகரசபைத் தண்ணீருக்குத்தான் கட்டுப்பாடு, போர் தண்ணீருக்கு இல்லை. உரம் போடுவோம், மருந்து அடிப்போம், வாரத்துக்கு ஒருமுறை, மழை பெய்தால் இரண்டு முறை வெட்டுவோம். கோடை வருடா வருடம் நீண்டுகொண்டே போகிறது. நாங்களும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனோம்.

வெர்னா ஒருநாள் காலைச் சாப்பாட்டில் இதை எடுத்தாள். சண்டைக்காரி இல்லை அவள். கூட்டலைத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் பேசுகிற குரலில் பேசுவாள்.

"நம்ம புல்லுக்கு இந்த ஊரே பிடிக்கல, லோவெல். அதுக்குக் குளிர் வேணும். அதைக் காப்பாத்தறேன்னு நீ பெட்ரோல் எரிக்கற. அந்த உரம் செய்யறதுக்கு ஒரு ஃபாக்டரி எரியுது. போட்ட உரத்துலயும் கொஞ்சம் மண்ணுல தங்காம வாயுவாப் போயி வானத்துல போர்வை மாதிரி கெடக்குது. அப்புறம் ஊர் சுடுது. சுடுதுன்னு இன்னும் தண்ணி ஊத்தற. நாய் தன் வாலைத் துரத்தற கதைதான்."

"என் ஒத்த மெஷின் புகையிலதான் உலகமே வேகப்போவுதா?" என்றேன். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது என் கட்சி.

"தெருவுல ஒவ்வொரு வீட்டு ஆம்பளையும் இதையேதான் சொல்லிட்டு மெஷினை எடுக்கறான்" என்றாள். சொல்லிவிட்டு ரொட்டிக்கு ஜாம் தடவ ஆரம்பித்தாள்.

அவள் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லவில்லை. அதே சமயம் ஊரோடு ஒத்து வாழ வேண்டும் இல்லையா? எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கோடை முழுக்க, மாதம் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, 'இந்த மாதத்தின் சிறந்த முற்றம்' என்று எழுதிய பலகையை அந்த வீட்டுப் புல்லில் நட்டு வைப்பார்கள். டார்லீன் ஸ்டக்கி என்ற அம்மாள்தான் நடுவர். பேட்டரி வண்டியில் சத்தமில்லாமல் வருவாள். வண்டிக்குப் பின்னால் பலகையும் மரச்சுத்தியும் இருக்கும். அவள் வண்டி திருப்பத்தில் தெரிந்தால் போதும், பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் குனிந்து களை பிடுங்குவார்கள். நானும்தான்.

வெர்னா சொல்லிப் பார்த்தாள், பிறகு செய்து பார்த்தாள். அவளால் நடக்க முடிந்த கடைசி வசந்தத்தில் பின்பக்கம் ஒரு பாத்தி அளவுக்கு எருமைப்புல் விதைத்தாள். இந்த மண்ணின் சொந்தப் புல் அது. முன்னே காட்டெருமைகள் மேய்ந்தது. குட்டையாக, கொஞ்சம் நரைத்த பச்சையாக இருக்கும். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், வெட்டக்கூட வேண்டாம். டார்லீன் ஒருநாள் பார்த்துவிட்டு, "என்ன வெர்னா, பழைய சாக்கைக் காயப்போட்டிருக்க?" என்றாள். வெர்னா, "ஆமா, உனக்குத் தலைகாணி தைக்கத்தான்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒழுங்கான வரிசையில் கோணலாக இறங்கிய ஆணி போல அந்தப் பாத்தி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அது ஆகஸ்டில் கருகிவிட்டது. வேலியோரக் களைக்கு மருந்து அடித்தேன், காற்றில் பறந்து பட்டுவிட்டது என்று அவளிடம் சொன்னேன். கான்சாஸில் காற்றின்மேல் பழி போடுவது சுலபம். அவள் கருகிய பாத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அன்னிக்குக் காத்தே இல்லையே, லோவெல்" என்றாள்.

அதோடு சரி. அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு அவள் படுக்கையில் விழுந்தாள். அவள் பச்சையைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று கட்டிலை முன்சன்னல் பக்கமாகப் போட்டேன். ஒரு வாரம் பொறுத்திருந்துவிட்டு, பின்சன்னலைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னாள். அங்கே என்ன இருக்கிறது, வெறும் மண்தானே என்றேன். "ஏதாவது மொளைச்சாலும் மொளைக்கும்" என்றாள். திருப்பிப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மைதானத்திலிருந்து கூப்பிட அடிக்கும் பித்தளைக் கைமணி ஒன்று அவளிடம் இருந்தது. கூப்பிடக் குரல் எழும்பாது என்பதால் அதைத் தலைமாட்டில் வைத்தோம். அடித்தால் நான் எங்கிருந்தாலும் ஓடிவருவேன் என்று சொல்லியிருந்தேன். நிறைய நாள் ஓடிவந்தும் இருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஜெனரேட்டரை எங்கள் மகள் மார்லா ஆரிகனிலிருந்து அனுப்பி வைத்தாள். கோடையில் எல்லா வீட்டு ஏசியும் ஒரே சமயத்தில் ஓடி, கரண்ட் போக ஆரம்பித்திருந்த காலம். பார்சலைப் பிரித்தபோது, பிளக் சொருகும் இடத்தில் ஒரு டேப் ஒட்டியிருந்தது. 'அம்மாவுக்கு மட்டும்' என்று மார்லாவின் கையெழுத்து. சிறிய ஜெனரேட்டர். வெர்னாவின் மெஷினையும் ஒரு மின்விசிறியையும் இழுக்கும். அவற்றை எடுத்துவிட்டால் போர் மோட்டாரை முக்கி முனகி இழுக்கும். இரண்டையும் சேர்த்து ஒருமுறை போட்டுப் பார்த்தேன். இருமிவிட்டு நின்றுவிட்டது. எதற்குப் போட்டுப் பார்த்தேன் என்று கேட்டீர்கள். ஒரு மெஷின் என்றால் அதன் எல்லை எதுவென்று பார்த்து வைப்பது என் பழக்கம்.

கரண்ட் போய் ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் என்ன செய்வது என்று ஒரு பிராணவாயு சிலிண்டரும் இருந்தது. அதை நிரப்பி வைக்கச் சொல்லி வெர்னா நினைவுபடுத்திக்கொண்டே இருந்தாள். வியாழக்கிழமை அதற்காகத்தான் காரை எடுத்தேன். நிரப்பும் கடை ஊருக்குத் தெற்கே இருக்கிறது, விதைக்கடை வடக்கே. அந்த வாரம் சூடு ஒரு கொதி கொதித்தது. தபால்பெட்டி ஓரத்தில் ஒரு பாய் அளவுக்குப் புல் பழுத்துவிட்டது. இரும்புச்சத்து மருந்து அடித்தால் இரண்டே நாளில் கரும்பச்சை ஆகிவிடும். சனிக்கிழமை டார்லீன் வருகிறாள். முதலில் வடக்கே போனேன். திரும்பும்போது தெற்குக் கடை மூடியிருந்தது. அதையும் நான் மறைக்கவில்லை.

வெள்ளி மாலை கரண்ட் போயிற்று. ஊர் முழுக்க. ஜெனரேட்டரைப் போட்டு வெர்னாவின் மெஷினை ஓட்டினேன். விடிய விடிய அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், நான் நல்ல கணவன். காலையில் டார்லீன் போன் செய்தாள். கரண்ட் இல்லையே, வருவாயா என்றேன். "புல்லு என்ன கரண்ட்லயா வளருது? பதினோரு மணிக்கு வரேன். இந்த மாசம் உனக்குத்தான்னு வை. தபால்பெட்டிகிட்ட மட்டும் கொஞ்சம் பாத்துக்க" என்றாள். மருந்து அடித்தும் அங்கே பழுப்பு முழுக்கப் போகவில்லை, தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது.

ஒன்று சொல்கிறேன், மேடம். நீங்கள் சின்ன வயது, உங்களுக்குப் புரியுமோ என்னவோ. வெர்னாவின் நுரையீரல் என் பேச்சைக் கேட்கவில்லை. எத்தனை டாக்டர், எத்தனை மருந்து, எத்தனை ஜெபம். எதையும் கேட்கவில்லை. புல் கேட்டது. தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்தது, மருந்து அடித்தால் கறுத்தது, வெட்டிய இடத்தில் நேராக நின்றது. நான் தொட்டதும் பிழைத்துக்கொள்கிற பொருள் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவள் என் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தாள். வெளியே போய்ப் புல்லுக்கு நடுவில் நின்றால்தான் என்னால் மூச்சு விட முடிந்தது.

டேப்பை உரிக்கவில்லை. டேப் அப்படியே இருக்க, பிளக்கைத்தான் மாற்றினேன். வெர்னாவின் மெஷினைச் சுவரில் பழைய இடத்தில் சொருகிவிட்டு, ஜெனரேட்டர் ஒயரைப் போர் மோட்டாருக்குக் கொடுத்தேன். மாற்றுவதற்கு முன்னால் சிலிண்டரை உருட்டி வந்து குழாயை அவள் மூக்கில் மாட்டினேன். எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டில் படுத்துக் கிடந்தது. அவள் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று முள் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தேன்.

"எவ்ளோ நேரம்?" என்று கேட்டாள்.

"அரை மணிதான். மணல் தரை, சட்டுனு குடிச்சுரும்."

"புல்லுக்கா?"

"தபால்பெட்டிகிட்ட மட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கோபமே இல்லை அதில். கோணலான பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை. "சரி போ, வாடிடப் போவுது" என்றாள். நான் வாசலைத் தாண்டும்போது, "சீக்கிரம் வா லோவெல்" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மோட்டார் முனகிக்கொண்டு ஓடியது. தண்ணீரில் வேகம் இல்லை. தெளிப்பான் சுற்றுகிறதே தவிர, தபால்பெட்டி வரைக்கும் எட்டவில்லை. அரை மணி ஆயிற்று. அதற்குமேலும் ஆயிற்று. வாளியில் பிடித்துக் கொண்டுபோய் ஊற்றினேன். பழுப்பு ஈரத்தில் மெல்ல மெல்லக் கறுத்து அடங்கியது. வெயிலில் ஆவி பறந்தது. மண் வாசனை வந்தது. மன்னிக்க வேண்டும், அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

நீங்கள் முதல்நாள் வீட்டுக்கு வந்தபோது, ஜெனரேட்டர் சத்தத்தில் மணி காதில் விழவில்லை என்று சொன்னேன். நீங்கள் தலையாட்டி எழுதிக்கொண்டீர்கள். இன்றைக்கு டார்லீன் உங்களிடம் பேசியிருக்கிறாள் போலிருக்கிறது. பாவம், அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

திருப்பத்தில் அவள் வண்டி தெரிந்தபோது நான் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டேன். முற்றத்தைப் பார்க்க வருகிறவளுக்கு முன்னால் இப்படி ஒரு பூதம் உறுமிக்கொண்டு நிற்கலாமா? கேரேஜுக்குள் தள்ளிக் கதவை இறக்கினேன். புல்லின் குறுக்கே ஆரஞ்சு நிற ஒயர் கிடந்தது. அதையும் சுருட்டினேன். அந்தப் பிளக்கைத் திரும்ப வெர்னாவின் மெஷினில் சொருகிவிட்டு ஓட விட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியது. டார்லீன் போனபிறகு என்று நினைத்தேன்.

டார்லீன் இறங்கி வந்து தபால்பெட்டி ஓரத்தில் குனிந்து பார்த்தாள். கரண்ட் இல்லாததால் தெருவில் ஒரு ஏசி இல்லை, ஒரு மெஷின் இல்லை. அப்படி ஒரு அமைதியை நான் எங்கள் தெருவில் கேட்டதே இல்லை. அந்த அமைதியில் மணி அடித்தது. முதலில் இரண்டு தரம், விட்டு விட்டு. பிறகு விடாமல்.

டார்லீன் நிமிர்ந்தாள். "வெர்னா மணி மாதிரி இருக்கே? கூப்புடறாளா?"

"உன் வண்டியைப் பாத்துட்டா. பலகை வருதுன்னு சந்தோஷத்துல அடிக்கறா" என்றேன்.

டார்லீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருடா, சாக்குப்புல் போட்டவ" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுத்தியை எடுத்துப் பலகையை அடித்து இறக்கினாள். பிறகு முன்சன்னலைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவள் ஆட்டியதால் நானும் ஆட்டினேன். மணி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. பலகை லேசாகச் சாய்ந்திருந்தது. நான் அதைப் பிடித்து நேராக்கினேன்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் உங்களிடம் இருக்கிறது. ஆம்புலன்ஸ், டாக்டர், மார்லா வந்து ஜெனரேட்டரின் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தது. அவள் என்னிடம் பேசுவதில்லை. கரண்ட் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. தெருவில் எல்லா ஏசியும் ஒரே நேரத்தில் உறுமி எழுந்தன. மூலையில் வெர்னாவின் மெஷினும் தானாகவே ஓட ஆரம்பித்து, யாரும் இல்லாத கட்டிலுக்குப் பெருமூச்சு விட்டது. அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. ஓடட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பின்சன்னல் வழியாக அந்தப் பாத்தி தெரிந்தது. கருகிய இடத்தில் நரைத்த பச்சையாக இரண்டு மூன்று கொடி ஓடியிருந்தது. எப்போது முளைத்ததோ, அவளுக்குத்தான் தெரியும். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தெரிந்துதான் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

மணி எதற்கு அடித்தது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முதல் அடியிலேயே தெரியும். பலகையை நேராக்கும்போதும் தெரியும். அவளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கட்டில் பின்பக்கம் பார்த்துக் கிடந்தது, அங்கிருந்து தெருவும் தெரியாது, டார்லீனும் தெரியமாட்டாள் என்று நீங்கள் சொல்வதும் சரிதான். அவளைத் திருப்பிப் போட்டவனே நான்தானே.

ஆனாலும் மேடம், மணி நின்றபோது, அவள் பலகையைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.